ஏழு அடிகள்

சோதிலிங்கம் வருவதைக் கண்டதும் ராஜூவும் ரதிதேவியும் பேச்சை நிறுத்தினார்கள். ரதிதேவி மடியிலிருந்த ஸ்கோர் புத்தகத்தை மூடினாள். ராஜூ குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினான். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

“என்ன கதை நடக்குது?” என்றான் சோதிலிங்கம்.

“ஒண்டுமில்லையப்பா. மழை வருமோ எண்டு கேட்டவர்” என்றாள் அவன் மனைவி. ஆக்லாந்து வானத்தில் அன்றைக்கு ஒரு பொட்டு மேகம் இல்லை.

மவுண்ட் வெல்லிங்டனில் இருந்த அந்த அட்டைப்பெட்டி ஃபாக்டரியின் சாஃப்ட்பால் அணியில் தமிழர்கள் இரண்டு பேர்தான். யாழ்ப்பாணத்தில் நில அளவையாளராக இருந்து, எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து பெட்டி அடுக்குகிறவன் சோதிலிங்கம். மலேசியாவில் பிறந்த ராஜூ அவனுக்குப் பத்து வயது இளையவன். ஊரில் மட்டையும் பந்துமாக எல்லே அடித்திருக்கிறேன் என்று சோதிலிங்கம் ஒருநாள் சொல்லப்போக, அவனை அணிக்குள் இழுத்து வந்தவனே ராஜூதான். கணக்கு டீச்சராக இருந்த ரதிதேவி சனிக்கிழமை ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுத வந்தாள்.

சீசன் முடிவில் நல்ல சராசரிக்கு ஒரு கப் உண்டு. ஆயிரம் தடவை மட்டை பிடித்தால் எத்தனை அடி என்பதுதான் கணக்கு. ராஜூ அறுபதில் இருபத்திரண்டு. அதாவது முந்நூற்று அறுபத்தேழு. சோதிலிங்கம் ஐம்பத்தெட்டில் இருபத்தொன்று, முந்நூற்று அறுபத்திரண்டு.

அந்த ஐந்து அவனைச் சாப்பிட விடவில்லை. ஒவ்வொரு திங்களும் ராஜூ சராசரிகளைச் சாப்பாட்டறைப் பலகையில் ஒட்டுவான். தன் பெயருக்கு மேலே அந்தப் பெயரைக் கண்டதும் சோதிலிங்கத்துக்கு வாயில் வைத்த சோறு இறங்காது. பெட்டி அடுக்கும்போதும் மனதுக்குள் வகுத்துக்கொண்டே இருப்பான். ராஜூவின் தோள், ராஜூவின் சிரிப்பு, ரதிதேவி அவனை ‘ராஜூ தம்பி’ என்று கூப்பிடுகிற விதம், எதுவும் பிடிக்காமல் போயிற்று.

அதோடு இன்னொன்றும் உறுத்தியது. எதிரணிக்காரன் பந்தை நழுவவிட்டதால் ஓடித் தப்பினால் அது அடி ஆகாது. பிழை என்று எழுத வேண்டும். அடியா பிழையா என்பதை எழுதுகிறவள் ரதிதேவி. ஆட்டம் முடிந்ததும் மட்டைகளோடு அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகிறவன் ராஜூ. எழுதுகிறவளும் கொண்டுபோகிறவனும்தான் இப்போது குசுகுசுக்கிறார்கள்.

கடைசி ஆட்டமும் முடிந்துவிட்டது. இன்னும் சற்று நேரத்தில் லீக் செயலாளர் புத்தகத்தை வாங்க வந்துவிடுவார்.

“அதை இஞ்சை தாரும்” என்று சோதிலிங்கம் கையை நீட்டினான்.

ராஜூ சட்டென்று எழுந்தான். “வேணாம்ண்ணே. கப்ப நீங்களே எடுத்துக்குங்க. நான் செக்ரட்டரிகிட்ட பேசிக்கிறேன்.”

“எனக்குப் பிச்சை போடுறியோ? களவு பிடிபட்டிடும் எண்டு பயமோ?”

ராஜூவின் முகம் செத்துப்போயிற்று. அவன் ரதிதேவியைப் பார்த்தான். அந்தப் பார்வைதான் சோதிலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

“அவவை என்ன பார்க்கிறாய்? என்னைப் பார்த்துக் கதை!”

ராஜூ மட்டைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கார் பக்கம் நடந்தான்.

சோதிலிங்கம் ரதிதேவியின் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்து, பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தான். ராஜூவின் வரிசையைப் பக்கம் பக்கமாக விரலால் தடவிப் பார்த்தான். இருபது ஆட்டங்களிலும் ஒரு திருத்தம் இல்லை. அடி என்று கொடுத்திருக்கக்கூடிய ஒன்றைக்கூட ரதிதேவி பிழை என்றே போட்டிருந்தாள்.

ஏமாற்றத்தோடு மூடப்போனவனின் விரல், கீழே தன் சொந்த வரிசையில் தட்டுப்பட்டது. அங்கே தாள் சொரசொரத்தது.

வெயிலுக்கு நேராகப் பிடித்தான். அடி என்ற குறிக்குக் கீழே, ரப்பரால் அழித்த பிழைக் குறி மங்கலாகத் தெரிந்தது. அடுத்த பக்கத்தில் இன்னொன்று. முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டினான். மொத்தம் ஏழு.

இருபத்தொன்றில் ஏழு போனால் பதினாலு. வகுக்க அவனுக்குப் பென்சில் தேவைப்படவில்லை. இருநூற்று நாற்பத்தொன்று. அணியிலேயே கடைசி.

காணி அளக்கையில் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்காத மனுஷனுக்குக் காது இரண்டும் சுட்டன.

“நீரோ இப்பிடிச் செய்தனீர்?” என்று ரதிதேவியிடம் கேட்டான்.

“நானோ?” ரதிதேவிக்குக் கண் கலங்கிவிட்டது. “கணக்கிலை நான் பொய் எழுதுவனோ? பிழை எண்டுதான் போட்டனான். கொண்டுபோய் அழிச்சது ராஜூ தம்பி. இண்டைக்குக் கூட்டிப் பார்க்கேக்கைதான் கண்டனான். அதுக்குத்தான் அவரை ஏசிக்கொண்டிருந்தனான்.”

தூரத்தில் ராஜூ மட்டைகளை ஒவ்வொன்றாகக் காருக்குள் அடுக்கிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“எனக்குப் போய் அவன் ஏன்...?”

ரதிதேவி மெதுவாகச் சொன்னாள்:

“நீங்கள் சனிக்கிழமை மட்டும்தான் சிரிக்கிறீங்களாம்.”