பீட்ரூட் கறை

குணாளன் ஆசை ஆசையாகக் கூண்டில் பீட்ரூட் துண்டு போட்டிருந்ததால், மிட்டாய் என்ற ஹாம்ஸ்டர் எலியின் பின்புறம் சிவந்தபோது வீட்டில் யாரும் பதறவில்லை. “உன் மிட்டாய் மருதாணியை எங்க வச்சிருக்கா பாருடி!” என்று மகளிடம் சிரித்தவனே அவன்தான். நாற்றம் கிளம்பிய பிறகுதான் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினான். டாக்டர் மெஹருன்னிசா உப்பிய வயிற்றை மெல்ல அழுத்தினார். சீழ் கசிந்தது.

“கர்ப்பப்பை முழுக்கப் பரவிடுச்சு. இப்பவே எடுக்கணும். பொழைக்குமான்னு சொல்ல முடியாது.”

வெளியே மகள் காலிக் கூண்டை மடியில் வைத்திருந்தாள்.

“நான் போட்ட பீட்ரூட்டாலயா டாக்டர்?” என்றான் குணாளன். மனைவியும் ஆட்டோக்காரரும் இதற்குச் “சேச்சே, உங்க தப்பில்ல” என்றே சொல்லியிருந்தார்கள்.

டாக்டர் கையுறையை மாட்டினார்.

“பீட்ரூட் ஒண்ணும் பண்ணல சார். பீட்ரூட்டுன்னு நெனச்சு இத்தனை நாள் சும்மா இருந்தீங்களே, அதாலதான்.”