ஏழு கிலோ சல்மன்

கனடா மாப்பிள்ளை ஜெரிசன் குருநகருக்குப் பெண் பார்க்க வந்து அரைமணி நேரமாயிற்று. பெண் வீட்டார் சம்மதம் சொல்வதுதான் பாக்கி. அவனோ மணப்பெண் றொசாந்தியைப் பார்த்ததைவிடத் தன் கைபேசியிலிருந்த மீன் படத்தைத்தான் அதிகம் பார்த்திருந்தான்.

"மீன் பிடிக்கப் போன இடம் றோட்டே இல்லாத காடு, மாமி. சின்னப் பிளேனிலைதான் போய் இறங்கினனான். சீசன் முடியிற நேரம், ஆத்துத் தண்ணி ஐஸ் மாதிரி. அக்கரையிலை கரடி!"

"யேசுவே!" என்றாள் பெண்ணின் தாய் யோசப்பின்.

ஜெரிசனுக்கு உச்சி குளிர்ந்தது. "இடுப்பளவு தண்ணியிலை நாலு மணித்தியாலம் நிண்டனான். கடைசியிலை மாட்டினது வெள்ளிச் சல்மன், ஏழு கிலோ!"

நாற்பது வருடமாகக் கடலுக்குப் போகும் தகப்பன் செல்வரட்ணமே கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். "குழம்பு வைச்சனீங்களோ, பொரிச்சனீங்களோ?"

"சீச்சீ! படம் எடுத்துப்போட்டு ஆத்திலையே விட்டிட்டன். அது ஒரு விளையாட்டு, மாமா."

வீடு விறைத்துப் போனது. தாய் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். கரடிக்குக்கூட அவள் அப்படி நடுங்கவில்லை. தன் வீரத்தில் எல்லோரும் வாயடைத்துவிட்டார்கள் என்று ஜெரிசன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

றொசாந்திதான் வாய் திறந்தாள்.

"எனக்கு இவர் வேண்டாம் அப்பா. என்னோடையும் படம் எடுத்துப்போட்டு, இஞ்சையே விட்டிட்டுப் போயிடுவார்."