உப்புவெளியில் இருவர்

ஹெட்போனில் அம்மாவின் மூச்சு கேட்டது.

அம்மா வெகு தூரத்தில் நின்றாள். கேமராவின் சின்னத் திரையில் ஒரு மஞ்சள் புள்ளி. அருகே ஒரு நீலப் புள்ளி, அப்பா. இருவரையும் சுற்றி வேதாரண்யத்து உப்புவெளி. எங்கே தரை முடிந்து எங்கே வானம் தொடங்குகிறது என்று தெரியவில்லை.

ஆனால் மூச்சு காதுக்குள் கேட்டது. ஒரே பாயில் படுத்திருப்பதைப் போல.

அம்மாவின் முந்தானை மடிப்பில் ஒரு சின்ன மைக். அப்பாவின் காலரில் ஒன்று. மாட்டிவிட்டவள், கேமராவுக்குப் பின்னால் நிற்கும் மகள்தான்.

ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் இப்படித்தான். அப்பா கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடுப்பவர். பள்ளிக்கூடம் மூடியதும் பழைய ஆம்னி காரில் கேமராவை ஏற்றிக்கொண்டு மூவரும் கிளம்பிவிடுவார்கள். போகிற ஊரில் ஒரு கதைப்படம். நடிப்பவர்களும் எடுப்பவர்களும் அவர்களேதான்.

கொல்லிமலையில் அம்மா வனக்காவலர், அப்பா தேன் திருடன். தரங்கம்பாடியில் அவள் கடலிலிருந்து வந்த குழந்தை. கரையேறியதும் பசிக்கிறது என்று அழுதாள். அந்த அழுகை இன்னும் படத்தில் இருக்கிறது.

இந்த வருஷம் அவளுக்கு வேடமில்லை. பதின்மூன்று வயதாகிவிட்டது. கேமராவும் ஒலியும் அவள் பொறுப்பு.

காட்சி எளிமையானது. வழி தவறிய இரண்டு பேர் உப்புவெளியில் சந்திக்கிறார்கள். இதற்கு முன் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

தூரத்துச் சாலையில் உப்பு லாரி ஒன்று உறுமிக்கொண்டு வந்தது. அப்பா ஒரு கையைத் தலைக்கு மேல் உயர்த்தினார். பொறு.

அவள் காத்திருந்தாள். அவர்களும்.

அப்போது அம்மா பேசினாள்.

"பாப்பாகிட்ட எப்பத்தான் சொல்லப்போறோம்?"

வசனத்தில் இது இல்லை. அவளுக்கு வசனம் முழுக்க மனப்பாடம்.

"படம் முடியட்டும். ஊருக்குப் போய் சொல்லிக்கலாம்."

"திருச்சியில வீடு பாத்தாச்சு. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள அவ சொல்லணும்ல, என்கூட வராளா, உங்ககூட இருக்காளான்னு."

"அவளைப் போய் அப்படிக் கேக்கறது பாவம், அமுதா."

"சொல்லாம கூட்டிக்கிட்டுச் சுத்தறது மட்டும்?"

 மைக்கில் காற்று உரசியது.

இருவரும் கோபமாகப் பேசவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. சண்டை என்றால் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ஓய்ந்துவிடும். இது ஏற்கெனவே ஓய்ந்துவிட்ட குரல்.

ஹெட்போனைக் கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை.

திரையில் எதுவும் மாறவில்லை. கானலில் இருவருக்கும் கால்கள் இல்லை. மஞ்சளும் நீலமும் தரைக்கு ஒரு சாண் மேலே மிதந்தன.

லாரி மறைந்தது. தொடங்கலாம் என்று அப்பா இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

அவள் ரெக்கார்டு பட்டனை அழுத்தினாள். கையை வீசினாள்.

"இந்தப் பக்கம் போனா ஊர் வருமா?"

"தெரியலைங்க. நானும் அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

"தண்ணி இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு."

அம்மா குடிக்கும் சத்தம் கேட்டது. குடித்துவிட்டுச் சும்மா நின்றாள். வசனத்தில் அவ்வளவு நேரம் நிற்பதாக இல்லை.

"சேந்தே தேடலாமா?"

இந்த வரியை அம்மா காரில் சொல்லிப் பார்த்திருக்கிறாள். டீக்கடையில், பல் தேய்த்துக்கொண்டே, துணி அலசிக்கொண்டே. ஒரு தடவைகூட குரல் இப்படி நடுங்கியதில்லை.

நடிப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ம்," என்றார் அப்பா.

இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு வெயில் சாயும் திசையில் நடந்தார்கள். காலடியில் உப்பு நொறுங்கியது.

இனி அவள் விசில் ஊத வேண்டும். ஊதினால் நிற்பார்கள். திரும்பி வந்து, மைக்கைக் கழற்றிக் கொடுத்து, எப்படி இருந்தது என்று கேட்பார்கள். அப்புறம் ஊருக்குப் புறப்பட வேண்டியதுதான்.

விசிலை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

மஞ்சளும் நீலமும் சிறுத்துக்கொண்டே போயின.

"விசிலையே காணோம்," அப்பாவின் குரல்.

"நல்லா வந்துட்டிருக்கு போல. நடங்க."

உப்பு நொறுங்கும் சத்தம்.

பிறகு ஏதோ துணியைத் தடவும் சத்தம். காதில் கரகரத்தது.

"ஏங்க."

"என்ன?"

"மைக் ஆன்ல இருக்கு. நாம பேசிட்டிருந்தப்பவும் இருந்திருக்கு."

காலடிகள் நின்றன.

 திரும்பிப் பார்ப்பார்கள் என்று அவள் நினைத்தாள். பார்க்கவில்லை. வெயிலைப் பார்த்தபடி அப்படியே நின்றார்கள். 

உப்பு மறுபடி நொறுங்கத் தொடங்கியது. முதலில் ஒருவர் காலடி. பிறகு இன்னொருவருடையது.

"பாப்பா," என்றாள் அம்மா. வாய்க்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்திருக்க வேண்டும். நடந்துகொண்டேதான் பேசினாள். "நீ ஊதற வரைக்கும் நடக்கறோம்."

குரல் விட்டு விட்டு வந்தது. அப்பா என்னவோ சொன்னார், பாதிதான் கேட்டது. அதற்குப் பிறகு இரைச்சல்.

திரையில் இப்போது ஒரே ஒரு புள்ளி. மஞ்சளா நீலமா என்று சொல்ல முடியாது.

கேமராவின் ஓரத்தில் பேட்டரி விளக்கு சிவப்பாக மினுங்கியது.

அவள் அதைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டாள்.