துடக்கு வீடு

கனடாவிலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்குப் பிள்ளைப்பேற்றுக்கு வந்த ஒரே ஆள் பூபாலசிங்கத்தின் மகள்தான் என்று தொடர்மாடி முழுக்கக் கதை.

"உலகமே இஞ்சயிருந்து அங்க போகுது. இவ அங்கயிருந்து இஞ்ச வந்திருக்கிறா" என்றாள் எதிர்வீட்டுத் துஷ்யந்தி, லிஃப்டுக்குள். "புருஷனோட ஏதோ சரியில்லைப் போல."

"நீர் ஆளைக் கண்ணால கண்டனீரோ?" என்று கேட்டார் நேசம்.

"எங்க காட்டுகினம்? கண்ணூறு படுமாம்."

"அப்ப காணேல்லை" என்று சொல்லி நேசம் இறங்கிப் போனார்.

நேசம் தொடர்மாடிச் சங்கத்தின் செயலாளர். 'செல்லப் பிராணிகள் வளர்ப்பது தடை' என்று லிஃப்டுக்குள் மூன்று மொழியிலும் ஒட்டியவர். போன வருஷம் மூன்றாம் மாடிக் கிளியைக் கூட்டோடு இறக்கி அனுப்பியவரும் அவரே.

பூபாலசிங்கத்தின் மகள் ரொறன்ரோவில் சுகமாகத்தான் இருந்தாள். அவருடைய குளியலறையில் வயிறு சரியப் படுத்திருந்தது கீழ் ஒழுங்கையில் திரியும் தெருநாய் பிறவுணி.

போன முறை அது போட்ட குட்டிகள் அத்தனையும் ஒரே மழையில் வடிகானோடு அடித்துப் போயின. இந்த முறை வயிறு தெரியத் தொடங்கியதும் பூபாலசிங்கத்தின் மனைவி ஜெயராணி, கணவரைக்கூடக் கேட்காமல், பழைய படுக்கை விரிப்பில் சுற்றிப் பின்படியால் மேலே தூக்கி வந்துவிட்டார்.

பொய் தன்பாட்டில் பிறந்தது. எலும்பும் முட்டையும் கல்சியக் குளிசையுமாகப் பூபாலசிங்கம் லிஃப்டில் ஏற, உள்ளே நேசம்.

"என்னண்ணை, ரெண்டு பேருக்கு இவ்வளவு சாமானோ?"

"மகள் வந்து நிக்கிறா. பிள்ளைப்பேற்றுக்கு."

நேசம் அவருடைய காற்சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "முடி ஒட்டிக்கிடக்கு. தட்டிப்போட்டு ஏறுங்கோ. இப்பதான் கூட்டினது."

பூபாலசிங்கம் வீட்டுக்கு வந்து கதிரையில் விழுந்தார். "அவவுக்கு மணந்திட்டுதப்பா. இனிக் கிளிக்கு நடந்ததுதான் எங்களுக்கும்."

"கிளிக்கு வயித்தில குட்டியள் இருக்கேல்லை" என்றார் ஜெயராணி. "கதவைப் பூட்டுங்கோ."

விசாரிக்க வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. புருஷன் சரியில்லாத பிள்ளைக்குச் சாப்பாடாவது சரியாக இருக்க வேண்டாமா? துஷ்யந்தி ஒருநாள் விட்டு ஒருநாள் உள்ளிப்பூண்டுக் குழம்போடு வந்து நின்றாள்.

"உள்ளி நல்லாப் போட்டிருக்கு, அன்ரி. இப்பவே சாப்பிடத் தொடங்கினாத்தான் பிறகு பால் சுரக்கும்."

உள்ளி நாய்க்கு நஞ்சு என்று ஜெயராணிக்குத் தெரியும். சாப்பாட்டை எறியவும் மனமில்லை. பால் சுரக்க வேண்டிய குழம்பெல்லாம் பூபாலசிங்கத்தின் வயிற்றுக்குப் போனது. காற்சட்டையின் மேல் பொத்தான் பூட்ட மறுத்தது.

ஒரு ஞாயிறு காலை பிறவுணி ஐந்து குட்டி போட்டது. கீச்சுச் சத்தம் கதவு கடந்து நடைவழிக்கு வர, துஷ்யந்தியும் இன்னும் நாலு பேரும் வாசலில் கூடிவிட்டார்கள்.

"அன்ரி, ஆஸ்பத்திரிக்குப் போகமுன்னமே பிள்ளை பிறந்திட்டுதோ? கதவைத் திறவுங்கோ, ஒருக்காப் பாத்திட்டுப் போறம்."

"ஒரு பிள்ளை அழுகிற மாதிரி இல்லையே. இரட்டையோ?"

ஜெயராணி கதவில் முதுகை வைத்து நின்றார். பூபாலசிங்கம் தொலைக்காட்சியில் கிரிக்கெட்டின் சத்தத்தைக் கூட்டினார். குட்டிகள் அதையும் மீறிக் கத்தின.

லிஃப்ட் திறந்தது. கையில் மூடிய சட்டியோடு நேசம்.

"நல்லதாப் போச்சு. அக்கா, நீங்கள் சொன்னாத்தான் திறப்பினம்" என்றாள் துஷ்யந்தி.

நேசம் கதவோடு காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். உள்ளே ஜெயராணி தாழ்ப்பாளை இறுக்கிப் பிடித்தார்.

"பிள்ளை பிறந்த துடக்கு வீட்டு வாசல்ல உங்களுக்கு என்ன வேலை?" நேசம் திரும்பினார். "கோயில்ல கொடியேறியிருக்கிற நேரம். முப்பத்தொண்டு நாள் கழியுமட்டும் ஒருத்தரும் இந்தக் கதவைத் தட்டப்படாது."

"இது சங்கத்துச் சட்டமோ, அக்கா?"

"சாத்திரம். சட்டத்தைத்தான் நீங்கள் மதிக்கிறேல்லை. லிஃப்டுக்க குப்பை போடாதேங்கோ எண்டு எத்தினைதரம் எழுதி ஒட்டினனான்? இதையாவது மதியுங்கோ."

"அப்ப நீங்கள் மட்டும்?"

"நான் சட்டியைக் குடுத்திட்டுத் தலை முழுகுவன்."

சட்டத்துக்கு அஞ்சாதவர்கள் துடக்குத் தீட்டுக்கு அஞ்சிக் கலைந்து போனார்கள். துஷ்யந்தி தன் வீட்டு வாசலிலேயே காலை உதறிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

பூபாலசிங்கத்தின் கதவு ஒரு சாண் திறந்தது. சட்டியும் அவருடைய முகமும் மட்டும் போய்வரக்கூடிய அளவு.

"பத்தியக் கறி" என்று நீட்டினார் நேசம்.

"பெரிய உபகாரம், நேசம். மகளிட்டச் சொல்லிக் குடுக்கிறன்."

நேசம் அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு பூட்டாத பொத்தானைப் பார்த்தார்.

"இதையும் நீங்கள் சாப்பிட்டுப்போடாதேங்கோ, அண்ணை. உள்ளி போடேல்லை."