சத்தமில்லாத சிறகு

“இதை இன்னிக்கே வெளிய விடுங்க மேடம்.” பறவை மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு வந்தவர்கள் வாய்திறந்து கேட்கவே கூடாததை அவள் கேட்டே விடுகிறாள். ஒடிந்த இறக்கை கூடியும் ஆந்தைக்கு ஆயுளுக்கும் கூண்டுதான் என்கிறார் டாக்டரம்மா. “ஒடிஞ்சு கூடின இறக்கை சத்தம் போடும். பறக்கிற சத்தம் கேட்டா எலி ஓடிடும்டி. பட்டினிதான்.” “எப்பவும் ஃபேனை ஓடவிட்டு என்னத்தைக் கேட்டீங்க? நிறுத்துங்க.” “படிச்ச திமிரு!” “எங்க வீட்ல முதல்ல படிச்சவ மேடம், கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.” ஃபேன் அடங்குகிறது. நீண்ட அறையின் சாய்வெயிலில் ஒரு முனைக் கட்டையிலிருந்து ஆந்தை எழும்பி, இருவர் தலைக்கும் மேலே கடந்து, எதிர்க்கட்டையில் அமர்கிறது. அவளுடைய நெற்றிமுடி அசைகிறது, டாக்டரம்மாவின் கைக்கடிகாரம் கேட்கிறது, சிறகு கேட்கவில்லை. “அடியே, ஒண்ணுமே கேக்கலையே!” டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். “நாளைக்கு இன்னொரு தடவை...” என்று அவர் இழுப்பதற்குள் அவள் ஆந்தையைப் பிடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறாள். பெட்டியோடு அவள் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு மரங்களை நோக்கி நடக்கிறாள்.