வாவித் தண்ணீரில் கழுவிய ஸ்கூட்டி

தன்னாமுனையில் வாவிக்கரையோர வீடொன்றின் முற்றம். ஸ்கூட்டியின் மூடியைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு ரதீஸ் குந்தியிருக்கிறான். மனைவி கம்சாயினி வெள்ளைச் சேலையில் நின்று அவனுக்குக் குடை பிடிக்கிறாள். கல்லடியில் இன்று காலை அவளுக்கு ஆசிரியை வேலைக்கான நேர்முகப் பரீட்சை. அவள் பளபளவென்று போய் இறங்கட்டும் என்று, தோணியைக் கழுவுகிற மாதிரியே ஸ்கூட்டியையும் நேற்று வாவிக்குள் இறக்கித் தேய்த்தவன் இவன்தான். அது கடலோடு சேரும் வாவியின் உப்புத் தண்ணீர்; காலையிலிருந்து வண்டி கிளம்ப மறுக்கிறது. ஸ்பார்க் பிளக்கின் முனையில் உப்பு வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிறது. மீன் வெட்டும் கத்தியால் அதைச் சுரண்டி, வாயால் ஊதுகிறான். "பஸ்ஸும் போயிட்டு. நல்லாக் குளிப்பாட்டினீங்க," என்கிறாள். "தோணி ஒருநாளும் இப்பிடிக் கோவிக்கயில்ல புள்ள." அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறாள். ஆனால் கண் கைக்கடிகாரத்துக்கே போகிறது. பிளக்கைப் பூட்டி அவன் உதைக்கிறான். ஒன்றுமில்லை. மறுபடி உதைக்கிறான். இருமுகிறது, புகைக்கிறது, பிறகு விடாமல் உறுமுகிறது. அவள் குடையை மணலிலேயே போட்டுவிட்டு ஏறி உட்காருகிறாள். "நீங்களும் ஏறுங்க. வழியில நிண்டா நான் என்ன செய்யுற?" "சாறனோடயா?" இடுப்பில் கட்டியிருக்கும் லுங்கியைக் குனிந்து பார்க்கிறான். "ஓம், சாறனோடதான்." அவன் பின்னால் ஏறுகிறான். "என்னைப் பிடிச்சுக்கொள்ளுங்க, விழுந்திருவீங்க." "வேணாம் புள்ள, கையெல்லாம் எண்ணெய், சீலையில பிரளும்." ஸ்கூட்டி ஒடுங்கிய ஒழுங்கையில் குலுங்கித் திரும்புகிறது. எண்ணெய்க் கறுப்பேறிய இரண்டு கைகளையும் அவள் முதுகில் படாமல் உயர்த்திப் பிடித்தபடி, முழங்காலால் மட்டும் ஒட்டிக்கொண்டு போகிறான்.