உள்ளங்கையளவு தகடு

கேட்டில் மதியழகனின் பையைச் சோதித்த செக்யூரிட்டி, அதிலிருந்ததைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். உள்ளங்கையளவு தகடு. தபால் அட்டை கனம்தான்.

எச்.ஆர். கீதாவுக்குப் பகீரென்றது. டாண்டலம் என்ற விலையுயர்ந்த உலோகக் கட்டியை உருட்டி உருட்டித் தகடாக்கும் கம்பெனி அது, மறைமலை நகரில். விபத்தில் மண்டை ஓடு உடைந்தவர்களுக்கு டாக்டர்கள் வைத்து மூடுவது இந்தத் தகட்டைத்தான். மதியழகனை ரோலிங் செக்‌ஷனில் சேர்த்துவிட்டதே அவள்தான்.

"ஏன் மதி எடுத்தீங்க?"

"எடுத்தது நெஜம் மேடம்." அவன் பார்வை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த முதலாளிமேல் போனது.

கீதா போலீசுக்குப் போன் போடப் போனாள்.

"வைம்மா போனை," என்றார் முதலாளி சம்பந்தம். "பொண்டாட்டி புள்ளைங்க இருக்கறவன். ஸ்டேஷன், கோர்ட்டுன்னு அலைஞ்சா குடும்பம் தெருவுக்கு வந்துடும். பொருள் கெடைச்சிடுச்சு, விடு. நீ போய் மிஷினைப் பாருப்பா."

கீதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு முதலாளி.

"சாருக்கு நன்றி சொல்லுங்க மதி. வேற எடமா இருந்தா தோலை உரிச்சிருப்பாங்க."

"போலீசைக் கூப்புடுங்க மேடம்," என்றான் மதியழகன்.

"என்ன திமிர் உங்களுக்கு?"

"திமிர் இல்ல மேடம். முன்னல்லாம் தகடு துணி மாதிரி வளையும். இப்ப வர்ற சரக்கு, ரோலர்ல வுட்டா ஓரமெல்லாம் வெடிக்குது. கலப்படம்னு டவுட்டு. சாராண்ட கேட்டா, உன் வேலையப் பாருன்றாரு. மனுசன் மண்டையில வைக்கிற பொருளாச்சே, மனசு கேக்கல. வெளிய டெஸ்ட்டுக்குக் குடுக்கலாம்னு எடுத்தேன். போலீஸ் வந்தா அவங்களே டெஸ்ட் பண்ணட்டும்."

கீதாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"மாட்டிக்கிட்டதும் சார் மேலயே பழியா? சார், கூப்பிட்டுடலாம் சார். டெஸ்ட் பண்ணட்டும், இவர் லட்சணம் தெரிஞ்சிடும்."

சம்பந்தம் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார். தகட்டை எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பிறகு மதியழகனின் தோளில் கைபோட்டு, குரலை இறக்கிக் கேட்டார்:

"இதுக்கு முன்னாடி எதையாவது எடுத்துட்டுப் போய் டெஸ்ட்டுக்குக் குடுத்திருக்கியாப்பா?"